ஏரிக்கரை இரைக்கடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வால்ஐ (walleye) என்ற ஏரி மீனைப் பிடிக்கும் காலம் மே நடுவில் தொடங்கும். அங்குள்ள ஏரிக்கரைகளில் தூண்டில் இரை விற்கும் சின்னக் கடைகளுக்கு அந்தச் சில மாத வியாபாரம்தான் ஜீவனம். குஞ்சு மீன், அட்டை, மண்புழு என எல்லாமே உயிருள்ள சரக்கு. அதை மளிகைச் சாமான்போல வாங்கி அடுக்குவதுதான் புதிதாகக் கடை வைப்பவர்களின் பெரிய தவறு.

குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டியில் பிடித்தால் குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். திறந்துவைத்துக் காற்றடித்தால் குளோரின் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் கலக்கும் குளோரமின் லேசில் போகாது, முறிமருந்து போட்டே ஆக வேண்டும். கிணற்றுத் தண்ணீரென்றால் கவலையில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். நன்றாகக் காற்றடித்த பிறகே மீனை விட வேண்டும்.

ஜூலை வெயிலில் தண்ணீர் சூடேறும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கு வேண்டிய அளவோ கூடுகிறது. கூட்டம் வருகிறதே என்று தொட்டியை நெருக்கி நிரப்பினால் விடிவதற்குள் மொத்தமும் மிதக்கும். இடிமழையில் மின்சாரம் போனால் சமாளிக்க, தண்ணீரில் காற்றடிக்க, பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால், கல்லாப்பெட்டிக்கு முன்பே அதைத்தான் வாங்க வேண்டும்.

குளிர்ந்த தொட்டியிலிருந்து அள்ளிய மீனை வெதுவெதுப்பான வாளித் தண்ணீரில் கொட்டுவதும் தவறு. படகு நகரும் முன்பே மீன் செத்துவிடும். வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்.

மண்புழுவுக்குக் குளிர்பெட்டி போதும். மிஞ்சியதைக் காட்டில் கொட்டக் கூடாதென்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். மினசோட்டாவுக்கு மண்புழுவே அந்நியம், அங்குள்ள காடுகளின் சருகுப் படுகையை அது தின்று அழிக்கிறது. மிஞ்சிய குஞ்சு மீனையும் ஏரியில் விடக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும்.

வெளி மாநிலக் குஞ்சு மீனை உயிரோடு கொண்டுவந்து இரையாக விற்கவும் அங்கே பொதுவாகத் தடை உண்டு. தட்டுப்பாடு வந்தபின் அலையாமல், உள்ளூரில் மீன் பிடித்துத் தருபவர்களிடம் குளிர்காலத்திலேயே பேசிவையுங்கள்.

ஒரே மீனை நம்புவதும் ஆபத்து. 2015 ஆகஸ்ட் 3 அன்று மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் வால்ஐ பிடிப்பதை அரசு பாதிக் காலத்திலேயே நிறுத்தியது. பாஸ், சன்ஃபிஷ் போன்ற வேறு மீன்களைப் பிடிக்க வருபவர்களுக்கும் இரை, கொக்கி, ஐஸ்கட்டி வைத்திருந்தால்தான் அப்படியொரு கோடையிலும் கடையைத் திறந்துவைக்க முடியும்.