அமெரிக்காவில் போலீஸ் காரை நிறுத்தினால்

பாளையங்கோட்டையில் 30 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். டெக்சாஸ் புறப்படும் தங்கை மகனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில் போலீஸ் கைகாட்டினால் இறங்கி, ஆர்சி புத்தகத்தோடு அவரிடம் ஓடுகிறோம். அங்கே அவர் சொல்லாமல் இறங்கவே கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். லைசென்ஸ் எடுக்கப் பைக்குள் கைவிடும் முன் சொல்லிவிட்டு, மெதுவாக எடுங்கள். துப்பாக்கி என்று அவர் நினைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கைது செய்தால், "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்மூடி இருந்தால் மட்டும் போதாது என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கடும் குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைக்க வேண்டும். அது 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். தங்கை மகன் அந்த எண்ணை எழுதிப் பர்சில் வைத்திருக்கிறான்.