எஸ்எஃப்டிபி "மெசேஜ் டூ லாங்" என்று மறுத்தால்

சர்வருடன் கோப்புகளைப் பரிமாற உதவும் எஸ்எஃப்டிபியில் (SFTP) இணையும்போதே "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 1466264675" என்று வந்து நின்றுவிடுகிறதா? கோப்பின் அளவைச் சந்தேகிக்க வேண்டாம். சர்வரில் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் யாரோ எக்கோ (எழுத்தை வெளியிடும் echo கட்டளை) போட்டு 'வெல்கம்' சொல்ல வைத்திருப்பார்கள். அந்த வரவேற்பின் முதல் நான்கு பைட்டுகளைத்தான் கிளையன்ட் (உங்கள் கணினியில் உள்ள எஸ்எஃப்டிபி நிரல்) செய்தியின் நீளம் என்று படிக்கிறது. ஆங்கில 'வெல்கம்'மின் முதல் நான்கு எழுத்துகளை எண்ணாக்கினால் சரியாக 1466264675 வரும்!

கோப்புகளை நகலெடுக்கும் பழைய எஸ்சிபி (scp) கட்டளை இன்னும் மோசம். வரவேற்பை மட்டும் காட்டிவிட்டு, எதையும் நகலெடுக்காமல் முடிந்துவிடும்.

சோதிக்க, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் கட்டளை ஓட்டும் SSH) வழியாக, எதையும் அச்சிடாத 'ட்ரூ' (true) கட்டளையை ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். அது 0 பைட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எக்கோ வரியை, லாகின் செய்யும்போது மட்டும் ஓடும் பாஷ்_ப்ரொஃபைல் (.bash_profile) கோப்புக்கு மாற்றிவிடுங்கள். லாகின் செய்பவருக்கு வரவேற்பு அப்போதும் தெரியும்.