கலை: எழுதும்போது எங்கே வழுக்குகிறோம்?

கலை என்றவுடன் தூரிகையும் வண்ணமும் நினைவுக்கு வருவதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. ஓவியம், சிற்பம், இசை போன்றவற்றுக்கு நுண்கலை என்று தனிப்பெயரே இருக்கிறது. பழைய அறுபத்து நான்கு கலைகளின் பட்டியல்கள் நூலுக்கு நூல் மாறினாலும், அவற்றில் சமையல், மாலை தொடுத்தல், கிளியைப் பேசப் பழக்குதல் போன்றவையும் இடம்பெறுவதுண்டு. கற்றுப் பழகித் தேர்ந்த எந்தத் திறமும் அங்கே கலைதான். தற்காப்புக் கலை என்று நாம் தயங்காமல் சொல்வது அந்தப் பழைய பொருளில்தான்.

இதை மறந்தால் மொழிபெயர்ப்பில் சறுக்கும். படம் வரைந்தவரைக் 'கலைஞர்' என்று மட்டும் எழுதினால் அவர் பாடினாரா, ஆடினாரா என்று வாசகர் தேட வேண்டியிருக்கும். ஓவியர் என்ற சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சிக்கனம்? திரைப்படத்தின் கலை இயக்குநர் அரங்க அமைப்பையும் காட்சிப் பொருள்களையும் கவனிப்பவர். கலைப்படம் இயக்குபவர் அல்லர். கலைச்சொல் என்பதும் அழகிய சொல்லன்று, ஒரு துறைக்குரிய சொல்.

பட்டப் பெயர்களில் குழப்பம் இன்னும் அதிகம். 'முதுகலை மருத்துவம்' என்று நாளிதழ்களிலேயே பார்க்கிறோம். படிப்பின் படிநிலையைச் சொல்ல இளநிலை, முதுநிலை என்பவை போதும். இளங்கலை, முதுகலை என்பவற்றைக் கலைப் பட்டங்களுக்கு விட்டுவிடலாம். வரலாறு எப்படிக் கலையாயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய 7 பாடங்களும் கலைகள் என்றே வழங்கின. கணக்கே அப்போது கலை! அந்தப் பெயரின் நிழல்தான் இன்றைய கலைக் கல்லூரி வரை நீள்கிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று: கலை என்பதைப் பாராட்டுச் சொல்லாக மட்டும் ஆள்வது. பிடிக்காத நாடகத்தைப் பார்த்துவிட்டு 'இது கலையே இல்லை' என்று எழுதுகிறோம். நாடகம் மட்டமாக இருக்கலாம். வசனம் இழுக்கலாம், நடிப்பு மிகையாக இருக்கலாம். அதைச் சொல்லாமல் வகையையே மறுப்பது விமரிசனம் ஆகாது. மோசமான கவிதையும் கவிதை என்ற இனத்தில் அடங்குவதுதான். கலைநயம் இல்லை என்று சொல்லுங்கள். எங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி லகர, ளகர, ழகரத் தொல்லை. 'குறைகளைக் கலைய வேண்டும்' என்று எழுதப்படும் மனுக்களுக்குக் குறைவில்லை. மேகம், கூட்டம், உறக்கம் ஆகியவை தாமாகக் கலையும். சீட்டுக்கட்டையோ சட்டமன்றத்தையோ ஒருவர் கலைப்பார். வேண்டாததை நீக்குவது களைதல். குறைகளையும் ஆடையையும் களையத்தான் முடியும். களைந்தான் என்பது களைத்தான் என்றாகிவிட்டால் சோர்ந்துபோனான் என்று பொருள். நடிகர் வேடத்தைக் கலைத்தார், களைந்தார் என இரண்டும் சரியே: முதலாவதில் ஒப்பனை அழிகிறது, இரண்டாவதில் போட்டது கழற்றப்படுகிறது.

விழா களைகட்டும், இந்தக் களை முகக்களையில் உள்ள பொலிவு. ஆடலும் பாடலும் நடக்கும் இடமாயிற்றே என்று 'கலைகட்டியது' என எழுதத் தோன்றுவது இயல்பு, ஆனாலும் பிழை. கழைக்கூத்தாடி 'கலைக்கூத்தாடி' ஆவதும் இப்படித்தான். கழை என்றால் மூங்கில். அந்தக் கம்பின் மேல் ஏறி வித்தை காட்டுவதால் வந்த பெயர் அது. கலைமானுக்கும் கலைக்கும் தொடர்பில்லை: பழந்தமிழில் ஆண் மானுக்குக் கலை என்று பெயர்.