தான்சானியாவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

தான்சானியாவின் பெரிய நகரமான தார் எஸ் சலாமில் வந்திறங்கும் தமிழருக்கு முதல் நாளே ஊர் பழகிவிட்டது போல இருக்கும். தெருவில் ஓடுவது நம் ஊர் ஆட்டோ. பஜாஜ் நிறுவனத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, அங்கே அதைப் ‘பஜாஜி’ என்கிறார்கள். ‘போடாபோடா’ என்னும் வாடகை பைக்குகளில் பல, ஓசூர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த டிவிஎஸ். காலையில் சாய், சப்பாத்தி. கடைக்கு ‘டூகா’, சாக்குக்கு ‘குனியா’, ஒரு லட்சத்துக்கு ‘லாக்கி’. வண்டிகளும் இடப்பக்கமாகத்தான் போகின்றன. தென்னை, மாமரம், கடற்கரைப் புழுக்கம் எல்லாம் சேர்ந்து ‘இது நமக்குத் தெரிந்த இடம்தான்’ என்று நம்ப வைத்துவிடும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முற்றிலும் புதிய ஊரில் நாம் கேட்டுக் கேட்டு நடப்போம். தெரிந்த ஊர் மாதிரி இருந்தால் கேட்க மாட்டோம். நான் அங்கே வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் நானே செய்ததும், புதிதாக வந்தவர்கள் செய்யப் பார்த்ததுமான தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

முதலில் மணி. ஒரு சனிக்கிழமை மொரோகோரோ போக டிக்கெட் எடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் ‘ஸா கூமி நா ம்பிலி’ என்றார். கூமி என்றால் பத்து, ம்பிலி என்றால் இரண்டு, ஆக பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கே போய் நின்றேன். பேருந்து ஆறு மணிக்கே போய்விட்டிருந்தது. கவுண்டர்காரர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் நாள் கணக்கு சூரியன் எழுவதிலிருந்து ஓடுகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ‘ஸா மோஜா’, ஒரு மணி. எட்டு மணி என்றால் இரண்டு மணி. நண்பகல் பன்னிரண்டு ஆறு மணி. மாலை ஆறுக்குப் பன்னிரண்டு முடிந்து, இரவு ஏழுக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பொழுது ஏறக்குறைய ஆறு மணிவாக்கில்தான் விடிகிறது. அதனால் இந்தக் கணக்கு அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய வழக்கம் நமக்கும் இருந்ததுதானே. கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டாம். சின்ன முள் நிற்கும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்தால் போதும்: ஏழுக்கு எதிரே ஒன்று, பத்துக்கு எதிரே நான்கு.

ஆங்கிலத்தில் பேசும்போது பலர் மணியை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவசரத்தில் சிலர் சுவாஹிலிக் கணக்கையே ஆங்கில எண்ணாகச் சொல்லிவிடுவதும் உண்டு. ‘இரண்டு மணிக்கு வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் காலையா பிற்பகலா என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள். ‘அசுபுஹி’, அதாவது காலை, என்று பதில் வந்தால் அது எட்டு மணி. கிழமைகளிலும் இதே போன்ற ஒரு குழி இருக்கிறது. ‘ஜுமாட்டாட்டு’ என்பதில் ‘டாட்டு’ மூன்று என்று தெரிந்தவர் அதைச் செவ்வாய் என்று நினைப்பார். அங்கே எண்ணிக்கை சனிக்கிழமையில் தொடங்குவதால் அது திங்கள். ‘ஜுமாட்டானோ’வில் ஐந்து இருக்கிறது, ஆனால் அது புதன்.

அடுத்தது வணக்கம். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கடைக்குள் நுழைந்ததும் ‘சர்க்கரை இருக்கா?’ என்று கேட்பது நமக்கு இயல்பு. அங்கே அது முகத்தில் அடித்தது போல. முதலில் ‘ஹபாரி?’ என்று நலம் கேட்க வேண்டும். அவர் ‘ந்சூரி’, நலம் என்பார். பிறகு அவர் உங்கள் வீட்டு நலம், வேலை நலம், காலைப் பொழுதின் நலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் நலம் என்றே பதில். உண்மையில் நலமில்லாவிட்டாலும் முதல் பதில் அதுதான். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் வரும். அரை நிமிடம்தான் ஆகும். அந்த அரை நிமிடத்தைக் கொடுத்தவருக்கு அந்தத் தெருவே உதவுகிறது. கொடுக்காதவருக்குச் சர்க்கரை மட்டும் கிடைக்கும்.

வயதில் மூத்தவர்களிடம் ‘ஹபாரி’ போதாது. அவர்களுக்கு ‘ஷிகமோ’. ‘உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன்’ என்ற பொருளிலிருந்து வந்த சொல் என்பார்கள். காலில் விழுந்து கும்பிடும் வழக்கம் உள்ள நமக்கு இதன் எடை சட்டென்று புரியும். அதற்குப் பதில் ‘மரஹபா’. இங்கே பலர் தவறுவது பதிலில். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து ‘ஷிகமோ’ சொல்லும்போது சிரித்துக்கொண்டே ‘ஹலோ’ என்றால், அது நகராமல் அங்கேயே நிற்கும். மரஹபா சொன்ன பிறகுதான் ஓடும். என் வாசலில் இப்படி ஒரு சிறுமி மூன்று நாள் நின்றுவிட்டுப் போனாள். நான்காம் நாள் அவள் பாட்டிதான் வந்து எனக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார்.

‘ஜாம்போ’, ‘ஹகுனா மட்டாட்டா’ இரண்டையும் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் அவை சுற்றுலா வந்தவரின் சொற்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ‘மாம்போ?’ என்று கேட்டு ‘போவா’ என்று பதில் சொல்வார்கள். பரவாயில்லை என்பதற்கு ‘ஹம்னா ஷிடா’.

‘போலே’ என்ற சொல்லையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் தடுக்கி விழுந்தால் எதிரே வருபவர் ‘போலே’ என்பார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ‘அச்சச்சோ’ போல, உங்கள் வலியில் பங்கெடுக்கிறார். கையில் பாரத்தோடு போகிறவருக்கும், பயணம் முடித்து வந்தவருக்கும், நாள் முழுக்க வேலை செய்தவருக்கும் போலே உண்டு. ‘நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே’ என்று பதில் சொன்னால் அவர் குழம்பிப்போவார். ‘அசாந்தே’, நன்றி என்றால் போதும். அதே சொல்லை நாமும் சொல்லப் பழக வேண்டும். ஒருவர் கஷ்டப்படும்போது பேசாமல் கடந்து போவது அங்கே கல் நெஞ்சாகத்தான் தெரியும்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நீங்கள் மதுரையா மட்டக்களப்பா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் ‘ம்ஹிந்தி’, இந்தியர். தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த இந்தியர்களோடு, பெரும்பாலும் குஜராத்திகளோடு, சேர்த்துத்தான் உங்களைப் பார்ப்பார்கள். 1971இல் அரசு வாடகைக் கட்டடங்களை நாட்டுடைமையாக்கியபோது அவர்களில் பலர் சொத்தை இழந்தார்கள், நிறையப் பேர் நாட்டை விட்டே போனார்கள். முதலாளி, வேலைக்காரர் என்ற பழைய நினைவும் இன்னும் இருக்கிறது. அந்த நினைவைக் கிளறுவது நாம் ஓரிரு வாரத்தில் கற்றுக்கொள்ளும் கட்டளைச் சுவாஹிலி: ‘லெட்டே’, கொண்டு வா. ‘ன்ஜோ’, வா. ‘நட்டாகா’, எனக்கு வேண்டும். இலக்கணப்படி தவறில்லை. ஆனால் ஓட்டலில் பெரியவர் ஒருவரிடம் ‘டீ கொண்டா’ என்று சொன்னால் நம் காதுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். ‘நஓம்பா சாய்’ என்றால் ‘ஒரு சாய் வேண்டிக்கொள்கிறேன்’ என்ற பொருள். அந்த ‘நஓம்பா’வை எதற்கும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ வேலை செய்யும், பேரன் பேத்தி எடுத்த மனிதரை ஆங்கிலத்தில் ‘பாய்’, அதாவது பையன், என்று கூப்பிடும் பழக்கத்தைச் சில நம்மவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். கேட்கவே வலிக்கிறது. அவர் ‘ம்சே’, பெரியவர். கிழவர் என்று பொருள் கொண்டு தயங்க வேண்டாம், அது மரியாதைச் சொல்.

உறவுமுறைச் சொல்லால் அழைப்பது அங்கேயும் வழக்கம் என்பது நமக்கு வசதி. ஆனால் ‘டாடா’ என்றால் அக்கா. கொஞ்சம் இந்தி தெரிந்தவர்கள் இதைக் கேட்டு அண்ணனோ தாத்தாவோ என்று திகைப்பார்கள். அண்ணனுக்கு ‘காகா’. நடுவயதுப் பெண்மணி யாராக இருந்தாலும் ‘மாமா’, அதாவது அம்மா. குழந்தை பெற்றவரைக் குழந்தையின் பெயரோடு சேர்த்து இன்னாரின் அம்மா என்பார்கள். ஒரு பெண்ணை ‘மாமா’ என்று கூப்பிட நம் நாக்கு தயங்கத்தான் செய்யும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இன்னொன்று, பத்து என்னும் ‘கூமி’யைச் சொல்லும்போது கடைசி உயிரெழுத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அது ‘ஆ’வாக மாறினால் கெட்ட வார்த்தை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறு ‘சிலி ந்யாமா’, இறைச்சி சாப்பிட மாட்டேன், என்பதோடு நிறுத்திவிடுவது. பலருக்கு ‘ந்யாமா’ என்றால் மாடு, ஆடு. கோழியும் மீனும் அதில் சேராது, ஆகவே அன்போடு மீன் வறுத்து வைப்பார்கள். கோழிக்கு ‘கூகு’, மீனுக்கு ‘சமாகி’, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயறு வேகவைத்ததில் எலும்புச் சாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேங்காய்ப்பால் சோறு, ‘ம்சிச்சா’ என்னும் கீரை, ‘மஹாரகே’ என்னும் பயறு மூன்றும் எங்கும் கிடைக்கும். தார் எஸ் சலாமில் கோயில்கள் இருக்கும் கிசுட்டுப் பகுதியில் சைவ உணவுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் தெருவோரத்தில் ‘விட்டும்புவா’ சுடுவதைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். அரிசியும் தேங்காயும் சேர்த்துக் குழிச் சட்டியில் வார்க்கும் இனிப்புப் பணியாரம் அது. ‘உகாலி’ மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கரண்டியால் வெட்டிச் சாப்பிடாமல், வலது கையால் பிட்டு உருட்டி, கட்டை விரலால் ஒரு குழி செய்து குழம்பைத் தொடுங்கள். சாப்பிடும் முன் ஒருவர் செம்பும் தட்டும் கொண்டு வந்து கைக்குத் தண்ணீர் ஊற்றுவார். ‘ஏற்கனவே கழுவிவிட்டேன்’ என்று மறுக்க வேண்டாம்.

வேலைக்குப் போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்த சில வாரங்களில் யாரோ ஒரு சக ஊழியர் கல்யாணத்துக்கு ‘ம்சாங்கோ’ கேட்டு அட்டை நீட்டுவார். முகம் தெரியாதவரிடம் பணம் கேட்கிறாரே என்று பலர் சுளிக்கிறார்கள். இது நம் மொய்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே குழு அமைத்து, தொகையை எழுதி வாங்கி, அதில் விழா நடத்துகிறார்கள். சாவு வீட்டுக்கும் இப்படித் திரட்டுவது உண்டு. முடிந்ததை எழுதிக் கொடுங்கள், சின்னத் தொகையானாலும் சரி. எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருப்பதுதான் மோசம்.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் முதலில் தவறுவது மாதத்தில். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அங்கே மார்ச்சிலிருந்து மே வரை ‘மசிகா’, பெருமழைக் காலம். காட்டுப் பாதைகள் சேறாகும், சில விடுதிகள் மூடியே இருக்கும். ஜூன் தொடங்கினால் காய்ந்த, குளிர்ந்த நல்ல காலம். விடுமுறையின் கடைசி நாட்களுக்காவது தள்ளி வையுங்கள். காட்டுக்குப் போகும்போது நீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். ராணுவப் புள்ளி போட்ட உடை பொதுமக்களுக்குத் தடை.

சான்சிபார் தீவில் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். கடற்கரையில் உடுத்தியதோடு ஸ்டோன் டவுன் என்னும் பழைய நகரத்துச் சந்துகளில் நடப்பது அங்கே உள்ளவர்களை நோகடிக்கும். தோளும் முழங்காலும் மறைந்திருக்கட்டும். ரமலான் பகலில் தெருவில் நின்று சாப்பிட வேண்டாம். கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி போகிறவர்கள் ஓதத்தின் நேரம் கேட்காமல் போனால், கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கும். அந்த வெறும் மணலில் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தால் மிதித்துக் கடக்காதீர்கள். அது பெண்கள் வளர்க்கும் கடற்பாசித் தோட்டம், அவர்கள் பிழைப்பு. படம் எடுக்கவும் அவர்களைக் கேட்டுவிட்டே எடுங்கள்.

அங்கிருந்து வாங்கி வர நல்ல பொருள், பெண்கள் உடுத்தும் ‘காங்கா’ துணி. ஆனால் நிறம் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு காங்காவின் கீழ்ப்பக்கமும் ஒரு வரி அச்சாகியிருக்கும், துணி பேசும் பேச்சே அதுதான். ‘பெற்றோர் பொன், அவர்களைப் பேணுவது புண்ணியம்’ என்று ஒன்று இருக்கும். ‘இவர்தான் என்று நினைத்தாய், இவர் இல்லை’ என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவதைக் கல்யாணப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு நிற்கும் நிலைமை வேண்டாம். கடைக்காரம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் பொருளோடு, யாருக்குக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

காகித வேலைகள் சில. 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பை தடை, பெட்டிக்குள் கேரி பேக் சுற்றி வைக்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2024 அக்டோபர் முதல் சான்சிபார் வரும் வெளிநாட்டுப் பயணிகள் அங்கத்திய அரசுக் காப்பீட்டை 44 டாலருக்கு எடுத்தாக வேண்டும், ஊரில் எடுத்த காப்பீடு அதற்கு ஈடாகாது. கென்யாவையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று அவசியம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடிப் பயனில்லை. சான்று இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம்.

மலேரியாவை ‘நம் ஊரில் பார்க்காத கொசுவா’ என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. தான்சானியப் பெருநிலத்தில் பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபரம் வகை, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகக் கூடியது. புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள், வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கள், வலை கட்டித் தூங்குங்கள். ஊர் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே ‘ஆப்பிரிக்கா போய் வந்தேன்’ என்று சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.