வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் வீட்டுக் காப்பீடு எடுப்பது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்யும் ஒருவருக்கு, கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் நனைவதோடு இழப்பு நிற்பதில்லை. மேசைக்கு அடியில் வைத்த யுபிஎஸ், மானிட்டர், அலுவலக லேப்டாப் என்று சம்பாத்தியத்துக்கான கருவிகளும் சேர்ந்தே போகின்றன. வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள்கூட இந்தக் கருவிகளுக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதை வெள்ளம் வடிந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள். அதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் வழியை, இதுவரை பாலிசியே எடுத்திராதவர்களை மனத்தில் கொண்டு கீழே விளக்குகிறேன்.

படி 1: எந்தப் பொருள் யாருடையது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நிறுவனம் கொடுத்த பொருள்கள், இரண்டாவதில் உங்களுக்குச் சொந்தமான வீட்டு உபயோகப் பொருள்கள், மூன்றாவதில் உங்களுக்குச் சொந்தமாக இருந்தாலும் வருமானத்துக்காகவே பயன்படும் பொருள்கள். முதல் பத்தியில் உள்ளவற்றின் உரிமையாளர் நிறுவனமே என்பதால், ஊழியர் வீட்டில் இருக்கும்போதும் அவற்றுக்கு நிறுவனத்தின் காப்பீடு பொருந்துமா, சேதமடைந்தால் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுமா என்று மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிக்கல் பெரும்பாலும் மூன்றாவது பத்தியில்தான் வரும். தையல் இயந்திரம், கேக் செய்யும் பெரிய ஓவன், படப்பிடிப்புக் கேமரா, டியூஷன் வகுப்புக்கு வாங்கிய நாற்காலிகள் போன்றவை அதில் அடங்கும்.

படி 2: அடிப்படைப் பாலிசியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் உத்தரவுப்படி அறிமுகமானது. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிதல் போன்றவற்றால் கட்டடத்துக்கும் உள்ளிருக்கும் பொருள்களுக்கும் ஏற்படும் சேதத்துக்கு இது பொருந்தும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

இந்தப் பாலிசி பொதுவான உடைமைகளை ‘வீட்டு உபயோகத்துக்கான’ பொருள்கள் என்றே வரையறுக்கிறது. மின்னணுச் சாதனங்களும் அதில் அடங்கும். ஆனால் தொழிலுக்காகவே வைத்திருக்கும் சாதனம் வீட்டு உபயோகப் பொருள்தானா என்ற கேள்வி இழப்பீடு கோரும்போது எழலாம். அதனால்தான் முதல் படியிலேயே பிரித்து எழுதச் சொன்னேன்.

படி 3: தொகையைக் கணக்கிடுங்கள்

கட்டடத்தின் காப்பீட்டுத் தொகைக்கு நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. தரைப்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். உதாரணமாக, 900 சதுர அடிக்குச் சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22.5 லட்சம் வருகிறது. கட்டடத்தோடு பொருள்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான உடைமைகளுக்குத் தானாகவே கிடைக்கும். மேலே சொன்ன வீட்டுக்கு அது 4.5 லட்சம். உங்கள் பொருள்களைப் புதிதாக வாங்க அதைவிட அதிகம் ஆகும் என்றால், பட்டியலைக் கொடுத்துக் கூடுதல் தொகை கேட்க வேண்டும்.

படி 4: பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முகவர் தொலைபேசியில் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்று சொல்வதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். இழப்பீடு கோரும் நாளில் அந்தப் பேச்சுக்கு எந்தச் சான்றும் இருக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்குக் கீழ்க்கண்டவாறு எழுதுங்கள்:

“நான் இந்த முகவரியில் குடியிருந்துகொண்டு, ஓர் அறையில் கணினி வழியாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. விற்பனைச் சரக்கு எதையும் வைத்திருக்கவில்லை. இணைப்பில் உள்ள பட்டியலில் என் வேலைக்கான கருவிகளும் அடங்கும். இவை பாலிசியில் வீட்டு உடைமைகளாக ஏற்கப்படுமா? ஏற்கப்படாதவை எவை, அவற்றுக்குத் தனியாக என்ன எடுக்க வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”

உங்கள் நிலைமைக்கு ஏற்ப வாக்கியங்களை மாற்றிக்கொள்ளுங்கள். மாணவர்கள் வருகிறார்கள் என்றாலோ, ஓர் அறை முழுவதும் புடவைக் கட்டுகள் இருக்கின்றன என்றாலோ அதை மறைக்காதீர்கள். முன்மொழிவுப் படிவத்தில் (பாலிசிக்கான விண்ணப்பத்தில்) வீட்டின் பயன்பாட்டை மறைத்தது பின்னர் தெரியவந்தால், கட்டிய பிரீமியமும் வீணாகி முழு இழப்பீடும் மறுக்கப்படும் நிலை வரலாம். சரக்கும் வியாபாரமும் உள்ள சிறு தொழில்களுக்கு, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துகளுக்காக ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற தனிப் பாலிசி உண்டு. அது உங்கள் வீட்டுத் தொழிலுக்குப் பொருந்துமா என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

படி 5: இடைவெளிகளை நிரப்புங்கள்

கிருஹ ரக்ஷாவில் திருட்டுக்கு இடம் மிகக் குறைவு. வெள்ளம், தீ போன்ற நிகழ்வைத் தொடர்ந்து 7 நாள்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்து லேப்டாப்பை எடுத்துச் சென்றால் அதற்குத் தனியான கொள்ளைக் காப்பீடு தேவை. அதேபோல, குறுக்குச்சுற்றாலோ (ஷார்ட் சர்க்யூட்) மின்னழுத்தம் ஏறியதாலோ ஒரு கருவி தானே கெட்டுப்போனால் அந்தக் கருவிக்கு இழப்பீடு இல்லை; அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அந்த மற்றவற்றுக்கு உண்டு. நாள் முழுதும் கணினி ஓடும் வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது என்பதால், மின்னணுக் கருவிகளுக்கான கூடுதல் காப்பீட்டின் விலையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வேலை தடைபட்டதால் போன வருமானத்துக்கும், ஆவணங்களுக்கும் இந்தப் பாலிசியில் இடமில்லை. வீட்டுக்கு வாடிக்கையாளர்கள் வருபவர்கள், அவர்களில் ஒருவர் படியில் வழுக்கி விழுந்தால் எழக்கூடிய பொறுப்புக்கான காப்பீட்டையும் கேட்கலாம்.

படி 6: சான்றுகளைச் சேமியுங்கள்

ரசீதுகள், வரிசை எண்கள், அறையின் படங்கள் ஆகியவற்றை வீட்டுக் கணினியில் மட்டும் வைக்காமல் இணையச் சேமிப்பிலும் வையுங்கள். யுபிஎஸ்ஸைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைக்கச் செலவு அதிகம் ஆகாது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

படி 7: சேதம் ஏற்பட்டால்

தண்ணீர் வடிந்ததும், எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துப் பதிவு எண் பெறுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்டுப்போன கருவிகளைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நனைந்த மானிட்டரை நேரில் காட்டினால் பேச்சுக்கு இடம் குறைவு. மறுப்பு நியாயமற்றது என்று தோன்றினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, பின்னர் ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ முறையிடலாம். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு அளிக்கலாம். நான்காம் படியில் பெற்ற எழுத்துப் பதிலை அந்த மனுவோடு இணையுங்கள்.