'கீச்'சென்று கேட்கும்வரை கழுவாதீர்கள்: முதிர்ந்த சருமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பார்லரில் பயிற்சிக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. "நிறைய டெட் ஸ்கின் இருக்கு அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவள் கை நேராக ஸ்க்ரப் டப்பாவுக்குப் போனது. நான் டப்பாவை மூடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் புரிந்திருக்காது. அன்றைக்கு டப்பாவைப் பிடுங்க எனக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மேக்கப்போடு தூங்காதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டு, நேரமும் பணமும் செலவழித்துச் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## உரிகிறதே என்று மேலும் உரிப்பது

இதை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பார்த்தாலும் எரிச்சல் வருகிற தவறு இது.

தொழிலுக்கு வந்த முதல் வருஷம். ஐம்பத்தெட்டு வயது வாடிக்கையாளர் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். அவர் கூட்டிவந்து பழக்கிவிட்டவர்களே நான்கு பேர். ஒரு விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்தார். "முகம் டல்லா இருக்கும்மா. கிரீம் போட்டா திட்டுத் திட்டா நிக்குது" என்றார். வாயைச் சுற்றியும் இரண்டு கன்னத்திலும் செதில். நான் நுரை பொங்கப் பொங்க இரண்டு தடவை கழுவினேன். ஆவி பிடிக்க வைத்தேன். அப்புறம் ஸ்க்ரப் போட்டு ஐந்து நிமிஷம் நன்றாகத் தேய்த்தேன். துடைத்து முடித்தபோது முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. விரலை இழுத்தால் கழுவிய தட்டு போல 'கீச்' என்றது. அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை.

மறுநாள் காலையில் போன் வந்தது. கன்னம் சிவந்துவிட்டது, தினமும் போடுகிற கிரீமே எரிகிறது என்றார். சாயங்காலத்துக்குள் முன்பைவிடப் பெரிய செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. அந்த முகத்தோடுதான் விசேஷத்துக்குப் போனார். அப்புறம் வரவே இல்லை. அந்த நான்கு பேரும் வரவில்லை. வருமானத்தில் விழுந்த ஓட்டையைக்கூட மறந்துவிட்டேன். அவர் போனில் ஒரு வார்த்தை திட்டாமல் "சரிம்மா, பரவாயில்லை" என்று வைத்தார் பாருங்கள், அது இன்னும் குத்துகிறது.

நான் செய்தது ஏன் தவறு என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். செத்த செல்கள் செங்கல். செராமைடு என்ற கொழுப்புப் பொருளும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் கலந்தது இடையில் இருக்கும் சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் பிடித்து வைப்பது இந்தச் சாந்துதான். சோப்புக்கு அழுக்கு எது, சாந்து எது என்று தெரியாது. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். இருபது வயதில் இழந்ததை உடம்பு சீக்கிரம் கட்டிக்கொள்ளும். வயது ஏற ஏறக் கட்டுகிற வேகம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எண்ணெய்ச் சுரப்பும் குறைந்துவிடும். ஆண்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. ஒரே சோப்பைப் போட்டுக் கணவருக்கு ஒன்றும் ஆகாமல் மனைவிக்கு மட்டும் தோல் இழுப்பதற்கு இது ஒரு காரணம்.

செதிலுக்கு வருவோம். செத்த செல்கள் தினமும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் முடிச்சுகளை நொதிகள் அறுத்துவிடுகின்றன. செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் கழன்று போகின்றன. ஆனால் அந்த நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். தோல் வறண்டால் முடிச்சு அறுபடாது. செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். நாம் செதில் என்று பார்ப்பது அதைத்தான். அதாவது, ஈரம் போதவில்லை என்று தோல் சொல்கிறது. நாமோ அழுக்கு சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஸ்க்ரப்பைத் தூக்குகிறோம். மிச்சமிருந்த சாந்தும் போகிறது, ஈரம் இன்னும் வேகமாக வெளியேறுகிறது, நாளைக்கு இன்னும் பெரிய செதில். அதற்கு இன்னொரு ஸ்க்ரப். மூன்று நான்கு வருஷமாக இந்தச் சுழலில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்த்த அன்றைக்கு முகம் பளபளக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இதோடு அமில காரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஏறக்குறைய 5. வழக்கமான சோப்புக்கட்டி 9-லிருந்து 10 வரை இருக்கும், அதாவது காரம். ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆகும். 'ஃப்ரெஷ்ஷா இருக்கும்' என்று நாளைக்கு நான்கு தடவை கழுவுகிறவரின் முகம் எப்போது திரும்பும்?

அந்தக் 'கீச்' சத்தத்தைத்தான் எனக்குச் சுத்தத்தின் அத்தாட்சியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது அந்தப் பயிற்சிப் பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. தட்டு 'கீச்' என்றால் சரி. தட்டுக்கு ஈரத்தைக் காப்பாற்றுகிற வேலை கிடையாது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றிவிட்டு, எதுவும் பூசாமல் பத்து நிமிஷம் இருங்கள். அப்புறம் வாயை அகலமாக 'ஆ' என்று திறங்கள். ஓர் அளவு சின்னதான கையுறையை மாட்டியது போலக் கன்னம் இழுத்தால், அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்கு ஆகாது. அதைக் கைகழுவிவிடுங்கள். விலையை நினைத்து மனசு வரவில்லை என்றால் கை கழுவவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக என்ன செய்வது? காலையில் வெறும் தண்ணீர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். இரவில் மட்டும் கிளென்சர். அதுவும் நுரை குறைவாக, பால் போலவோ கிரீம் போலவோ இருப்பது. கட்டியாகத்தான் வேண்டும் என்றால், சோப்பு சேராத 'சிண்டெட்' வகையைப் பாருங்கள். பார்க்கச் சோப்பு மாதிரி இருந்தாலும் அதில் பல, தோலின் பி.எச். அளவை ஒட்டித் தயாரிக்கப்படுபவை. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது. அரை நிமிஷம் தடவிக் கழுவினால் போதும். மேக்கப்போ கனமான சன்ஸ்கிரீனோ இருந்தால், முதலில் ஒரு கிளென்சிங் ஆயிலில் கரைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். கரையாததைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பதால்தான் பாதிச் சேதம் நடக்கிறது. முகத்தில் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போட்டுவிட வேண்டும். கிளிசரினும் செராமைடும் இருந்தால் நல்லது.

பயிற்சிப் பெண் ஸ்க்ரப் போடப் பார்த்த அந்த அம்மாவுக்கும் இவ்வளவுதான் செய்தோம். பால் கிளென்சர், நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி, கனமான கிரீம். ஸ்க்ரப்பைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பார்லருக்கு வந்து சிம்பிளாக முகம் துடைத்துக்கொண்டு போவதா என்று அவருக்கு வருத்தம்தான். மூன்றாவது வாரம் வந்தபோது பயிற்சிப் பெண்ணையே கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை தடவினாள். "எங்கக்கா போச்சு அது?" என்றாள்.

## மைசெல்லார் வாட்டரால் துடைத்துவிட்டு அப்படியே படுப்பது

மேக்கப்பைத் துடைக்க விற்கிறார்களே, அதுதான். பெயரில்தான் அது தண்ணீர். அழுக்கைப் பிடிக்கிற சோப்பின் இனப் பொருள் அதில் கரைந்திருக்கிறது. துடைத்த பிறகு ஒரு தடவை கழுவிவிடுங்கள்.

## ரெட்டினாலில் வீரம் காட்டுவது

பருவுக்குக் கொடுத்துவந்த ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்து, வெயிலில் முதிர்ந்த தோலையும் தேற்றுகிறது என்று ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவும் 1986-இல் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தின் சாதுவான உறுப்பினர்தான் கடையில் நேரடியாகக் கிடைக்கும் ரெட்டினால். வேலை செய்கிற பொருள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாங்கிய அன்றே தாராளமாகப் பூசி, மறுநாளும் பூசி, நான்காம் நாள் முகம் வெந்து, "எனக்கு ஒத்துக்கல" என்று டப்பாவைத் தூக்கிப்போடுகிறவர்களே அதிகம். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதலில் வாரத்துக்கு இரண்டு இரவு. தோல் பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம். தோலை உரிக்கும் கிளைகாலிக் போன்ற அமிலங்களை அதே இரவில் சேர்க்க வேண்டாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும். கருவுற்றிருப்பவர்கள், கருவுறும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

இன்னொன்று. இதைப் பூசுகிறவர்களுக்கு முகத்தில் வாக்ஸ் செய்யக்கூடாது. முடியோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். என் கண் முன்னால் ஒருவருக்கு மேலுதட்டில் அப்படி வந்திருக்கிறது. வாக்ஸ் சூடாவதற்கு முன்பே "ராத்திரி என்ன கிரீம் போடுறீங்க?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

## 'இந்த வயசுக்கு மேல சன்ஸ்கிரீன் எதுக்கு?'

இந்த வயதுக்கு மேலும்தான். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்து, நாலரை ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், விருப்பம்போலப் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. அவர்கள் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள்தான். ஆனால் 55-ஆவது பிறந்தநாளில் வெயில் யாரையும் விட்டுவிடுவதில்லை.

வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு படத்தைக் காட்டுவேன். 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம். 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, வரி வரியாகத் தொங்கும். வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

அளவிலும் கோட்டை விடுகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். என்ற பாதுகாப்பு எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பார்த்தது. துளியூண்டு தொட்டு முகமெங்கும் இழுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுங்கள்.

## தாடையோடு முகம் முடிந்துவிட்டதாக நினைப்பது

கழுத்தும் புறங்கையும் வயதை முதலில் சொல்லிவிடும்.

## கண் மையைத் தேய்த்து எடுப்பது

பஞ்சை நனைத்து, மூடிய இமையின்மேல் வைத்துப் பத்து எண்ணுங்கள். அப்புறம் தானாக வரும்.

## ஒரே வாரத்தில் நான்கு புதுப் பொருள்

நான்கையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டு முகம் எரிகிறது என்று வந்தால், எது கடித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

## முகத்தை 'வெளுக்க வைக்கும்' கிரீம்

பெயர் தெரியாத இந்தக் கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்தவை நிறைய உண்டு. தொடர்ந்து போட்டால், ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலியும். வேண்டாம்.

## எல்லாத் திட்டும் வயசுத் திட்டு என்று விடுவது

ஒரு வாடிக்கையாளருக்கு மூக்கின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு சொரசொரப்பு. "அந்த இடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்ச்சு விடும்மா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். தேய்த்தால் துளி ரத்தம் வரும், காய்ந்து பொருக்காகும், அடுத்த மாதம் அப்படியே இருக்கும். இரண்டு தடவை தேய்த்தும் விட்டேன், அதை மறைப்பதற்கில்லை. மூன்றாவது தடவை, தோல் மருத்துவரிடம் காட்டாமல் இனி முகத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனார். அது பேசல் செல் கார்சினோமா, தோல் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகை. சின்ன அறுவையோடு முடிந்துவிட்டது.

சில வாரங்களாகியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசிகிற இடம், நிறமோ வடிவமோ மாறிக்கொண்டே போகிற மச்சம், இவற்றை எந்த பார்லரிலும் காட்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள். அந்த வாடிக்கையாளர் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். மூக்கோரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது. அந்த இடம் வந்ததும், "தேய்ச்சுடாதே" என்று அவரே சொல்கிறார்.