மாட்டிறைச்சியைப் புகையில் வேகவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுத் துண்டு மாட்டிறைச்சி பார்பிக்யூ அடுப்பில் நாள் முழுக்கப் புகையில் கிடந்து, விரல் பட்டாலே பிய்ந்து வரும் பதத்துக்கு வருவது தனி ருசி. பலருக்கு அது கைகூடாமல் போகக் காரணம், கபாபுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்வதுதான்.

முதல் தவறு கறிக்கடையிலேயே நடந்துவிடுகிறது. கொழுப்பில்லாமல் நன்றாக இருக்கிறதே என்று பின்தொடையை வாங்கினால், நீண்ட சமையலில் அது சக்கையாகிவிடும். முன்தோள் அல்லது நெஞ்சுப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள கெட்டியான சவ்வு 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகும். அந்த மென்மைக்குத்தான் இத்தனை மணி நேரம்.

அடுத்தது, ஊறவைப்பது பற்றிய நம்பிக்கை. தயிர், வினிகர், பூண்டு, மசாலா எதுவானாலும் இரண்டு நாள் ஊறினாலும் சில மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஆழமாகப் போவது உப்பு. அதனால் கிலோவுக்கு சுமார் 15 கிராம் உப்பை முந்தைய இரவே தடவி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மசாலாவில் ஏற்கெனவே உப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் பழக்கம். சுக்காவுக்குச் சரி, இதற்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பப்பெய்ன் என்னும் நொதி 60, 70 டிகிரி சூட்டில்தான் மும்முரமாக வேலை செய்யும். புகையடுப்பில் இறைச்சி அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கும். உள்ளே இன்னும் வேகாதிருக்க, மேற்பரப்பு மட்டும் குழைந்து களியாகிவிடும். எலுமிச்சைச் சாற்றையும் தாராளமாக ஊற்றாதீர்கள். அமெரிக்காவின் மத்திய டெக்சாஸில் நெஞ்சுப் பகுதிக்குப் பெரும்பாலும் உப்பும் கொரகொரப்பான மிளகும் மட்டும்தான். ஓக் மரப் புகை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஊறிய துண்டைச் சொட்டச் சொட்ட அடுப்பில் ஏற்றக் கூடாது. வழித்து, துடைத்துவிட்டு வையுங்கள். சர்க்கரையோ தேனோ கடைசி அரை மணியில் போதும். முன்பே பூசினால் கருகிக் கசக்கும்.

இனி நெருப்பு. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வையுங்கள். நேர் தணலில் வைத்தால் புகையில் வேகவைப்பதாக ஆகாது. கம்பித் தட்டின் உயரத்தில் சூடு 110 முதல் 120 டிகிரி வரை இருக்கட்டும். மூடியில் பதித்த வெப்பமானியை நம்பாதீர்கள். அது காட்டுவது மூடியை ஒட்டிய சூட்டை, இறைச்சி இருக்கும் உயரத்துச் சூட்டையல்ல. மேல் துவாரத்தை அடைத்துச் சூட்டைக் குறைப்பது பெரிய தவறு. புகை உள்ளேயே தேங்கி, இறைச்சியில் கசப்புப் படியும். கீழ்த் துவாரத்தால்தான் கட்டுப்படுத்த வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வருவது நல்ல புகையல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய நீலப் புகைதான் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு போடுங்கள். மரத்துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்தால் முதலில் கிளம்புவது ஆவிதான். பிசின் உள்ள மரமும் மண்ணெண்ணெயும் பக்கத்திலேயே வரக்கூடாது.

இறைச்சியின் உள்சூடு 65, 70 டிகிரியில் அப்படியே நின்றுவிடும். சில மணி நேரம் அசையாது. மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் அப்படி. பதறிப்போய் நெருப்பைக் கூட்டினால் வெளிப்புறம் காய்ந்துவிடும். பொறுத்திருங்கள், அல்லது மெழுகு பூசாத கெட்டித்தாளிலோ அலுமினியத்தாளிலோ சுற்றிவிடுங்கள். மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கும்.

கடிகாரத்தைப் பார்த்து இறக்காதீர்கள். உள்சூடு 93 முதல் 96 டிகிரிக்கு வந்து, குத்தும் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். அப்புறம் தாளில் சுற்றியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். வெட்டும்போது நாரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டுங்கள். நெஞ்சுப் பகுதியில் இரண்டு தசைகளின் நார் வேறுவேறு திசையில் ஓடும், அதனால் பாதியில் துண்டைத் திருப்பிக்கொள்ளுங்கள்.